மடையானையும் எழுதுங்கள்

கேள்வி: ஓய்வு பெற்ற பிறகு பைனாகுலர் வாங்கிக்கொண்டு தினமும் காலையில் எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போகிறேன். மடையான் கொக்கு, மைனா, நீர்க்காகம், கரிச்சான் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. நண்பர்களோ கூந்தன்குளம், கோடியக்கரை என்று சுற்றி அரிய பறவைகளின் படங்களாக அனுப்பித் தள்ளுகிறார்கள். காக்கை குருவியைப் பட்டியல் போடுவதால் யாருக்கு என்ன லாபம்?
(வாசகர் ஒருவர், திண்டிவனம்)

பதில்: கோடியக்கரையில் பூநாரை இறங்கினால் படமெடுக்கக் கேமராக்கள் வரிசையில் நிற்கும். உங்கள் ஏரி மடையானை எண்ணுவதற்கு உங்களை விட்டால் நாதியில்லை. நீங்களும் சலித்துக்கொண்டால் எப்படி?

சிட்டுக்குருவிக்கு நடந்ததைப் பாருங்கள். கைப்பேசிக் கோபுரம் வந்தது, குருவி போனது என்று மேடைதோறும் முழங்கினோம். பள்ளிக் கட்டுரைப் போட்டி வரை அது போயிற்று. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 2020இல் வெளிவந்தது. 15,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் இ-பேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிய ஒரு கோடிக் குறிப்புகள்தாம் அதற்கு அடிப்படை. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என்றது அறிக்கை. கோபுரத்தின் மீது போட்ட பழிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 'குருவியெல்லாம் ஒரு பறவையா' என்று அத்தனை பேரும் விட்டிருந்தால், நாம் இன்னும் கோபுரத்தைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

கணக்கு எளிது. நூறு பட்டியல்களில் எத்தனையில் குருவி இருக்கிறது என்று பார்க்கிறார்கள்; பத்து வருடம் கழித்து மறுபடியும் பார்க்கிறார்கள். ஒரே நிபந்தனை, கண்டதையும் கேட்டதையும் அடையாளம் தெரிந்தவரை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். அப்போதுதான் பட்டியலில் இல்லாதது அங்கே தென்படவில்லை என்று கொள்ள முடியும். அரியதை மட்டும் பொறுக்கி எழுதும் நண்பரின் பட்டியலில் காக்கையைக் காணோம் என்றால், காக்கைதான் இல்லையா, அவருக்குக் காக்கை இளக்காரமா, யார் கண்டது?

மடையானையே ஏற இறங்கப் பாருங்கள். பனிக்காலத்தில் சேற்று நிறத்தில், கோடு விழுந்த கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு குந்தியிருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு அரக்குச் சிவப்பாகிவிடும். பின்னந்தலையில் வெள்ளைத் தூவிகள் நீண்டு தொங்கும். உங்கள் ஏரியில் அது எந்த வாரம் நிறம் மாறுகிறது என்பதை வேறு யார் வந்து எழுதப்போகிறார்கள்? ஆகஸ்ட் கடைசி வாக்கில் கரைச் சேற்றில் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி ஓடும், வலசை வரும் உள்ளான்களைத் தேடுங்கள். அவற்றை அடுத்து, மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும். முதலில் கண்ட தேதியைப் போலவே, அவை திரும்பிப் போகும் மார்ச், ஏப்ரலில் கடைசியாகக் கண்ட தேதியும் முக்கியம். அதைத்தான் பெரும்பாலோர் எழுதுவதில்லை.

இன்னொன்று. அந்தப் படங்களில் எதுவாவது கூட்டை மறைத்த கிளையை ஒடித்துவிட்டு எடுத்ததா, கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்து எடுத்ததா என்று நண்பர்களிடம் விசாரியுங்கள். ஆமென்றால் பாராட்டு அனுப்பாதீர்கள்.

பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 2015 முதல் நடந்துவருகிறது. பதினைந்து நிமிடம் நின்று பார்த்தால் ஒரு பட்டியல். ஏரிக்கரை, வயல், மொட்டை மாடி, எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். நண்பர்களையும் அழையுங்கள், கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லி.