தாத்தாவின் மாவட்டம் எது?

அன்புள்ள ஐயா,

என் மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். தமிழ் வகுப்பில் பூர்வீக ஊரைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டில் தஞ்சாவூர் மாவட்டம் என்று இருக்கிறது. சித்தப்பா நாகப்பட்டினம் என்கிறார். ஊரில் இருக்கும் பெரியப்பா மகன் திருவாரூர் என்கிறார். எதை எழுதுவது? தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

ஒரு வாசகி, தெம்பனிஸ்

அன்புள்ள சகோதரி,

மூன்று பேர் சொல்வதும் சரிதான். 1991 அக்டோபரில் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைப் பிரித்து நாகை காயிதே மில்லத் மாவட்டத்தை, அதாவது உங்கள் சித்தப்பா சொல்லும் நாகப்பட்டினம் மாவட்டத்தை, உருவாக்கினார்கள். உங்கள் ஊர் அதில் போனது. 1997 ஜனவரியில் திருவாரூர் தனி மாவட்டமானபோது திருத்துறைப்பூண்டி அதனோடு சேர்ந்தது. 2020 டிசம்பரில் நாகையிலிருந்து மயிலாடுதுறையும் பிரிந்துவிட்டது. பையன் இன்றைக்குத் திருவாரூர் என்று எழுதட்டும்.

ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். மாவட்ட எல்லைக்குப் பதில் காவிரியை வரையச் சொல்லுங்கள். குடகில் புறப்பட்டு ஏறக்குறைய 800 கிலோமீட்டர் வரும் ஆறு அது. கல்லணையில் வெண்ணாறு தனியே பிரிகிறது. அதிலிருந்து முள்ளியாறு, கோரையாறு, பாமணியாறு என்று கிளைகள் போய், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் கடலைத் தொடுகின்றன. உங்கள் ஊர் கடைமடை, அதாவது ஆற்றுப் பாசனம் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தாலும் மேல்மடை வயல்கள் நனைந்த பிறகுதான் இங்கே வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழ். நிலம் தாழ்வு, சரிவு இல்லை, எனவே வெள்ளம் வடிய வழியில்லாமல் சம்பாப் பயிர் முழுகிக் கிடக்கும். அதற்கு மேல் புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டது. தஞ்சையை நெற்களஞ்சியம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம், கடைமடைக்காரர்கள் படும் பாட்டைச் சொல்வதேயில்லை.

அப்புறம் நாகப்பட்டினம். மயிலாடுதுறை, திருவாரூர் என்று எத்தனை மாவட்டம் பிரிந்தாலும் இந்தப் பகுதி முழுமைக்கும் கடல் வாசல் அதுதான். சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் அரசர் அங்கே கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு, 1006-ஐ ஒட்டி முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். அந்தக் கொடையைப் பொறித்த செப்பேடுகள் பிற்பாடு ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் வரை போயின. சிங்கப்பூரைச் சுற்றியுள்ள இந்தக் கடல் அன்று ஸ்ரீவிஜயத்தின் கடல். 1025-இல் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் படையெடுத்ததும் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல்தான். 1658-இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள், 1781-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார்கள். விகாரத்தின் கடைசிக் கோபுரத்தை 1867-இல் இடித்தே விட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது.

கரையோரம் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் தள்ளித்தான் நங்கூரமிடும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் ஏறியிருப்பார். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்பது ரஜூலாவின் வழி. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஒப்பந்தக் கூலிகளாகவும் ஆள் சேர்த்துக் கொண்டுவரும் கங்காணி மூலமாகவும் எண்ணற்றவர்கள் அதே கரையிலிருந்து மலாயாவுக்கு வந்தார்கள்.

நெல் விளையும் பூமியிலிருந்து ஏன் இத்தனை பேர் கிளம்பினார்கள் என்று பையன் கேட்பான். கேட்க வேண்டும். நிலம் சிலர் கையில் இருந்தது, விதைத்து அறுத்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். கூலியை உயர்த்திக் கேட்ட அந்தக் குடும்பங்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ராஜராஜனின் ஆனைமங்கலமும் இந்த வெண்மணியும் ஒரே கீழ்வேளூர்ப் பக்கம்தான் இருக்கின்றன. செப்பேட்டைப் பெருமையாகச் சொல்லிவிட்டு வெண்மணியை விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு, உழைத்தவர்கள் கூலி கேட்டார்கள், அதற்காகக் கொன்றார்கள் என்று சொன்னால் புரியும்.

பையனை ஊருக்குக் கூட்டிப் போவதாக இருந்தால், அதற்கு முன் அவனை ஒரு நாள் சிங்கப்பூரிலேயே உள்ள தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப் போங்கள். 1828-க்கும் 1830-க்கும் இடையே சூலியா முஸ்லிம்கள் (சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்) கட்டிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. அன்று அந்தத் தெரு கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் நாகையை அடுத்த நாகூரில் அடங்கியுள்ள சூஃபி ஞானி நாகூர் ஆண்டவரின் நினைவாகக் கரையிலேயே எழுப்பினார்கள். அதைப் பார்த்தபின் நாகூருக்குப் போனால் பையனுக்கு இரண்டு கரையும் ஒட்டும்.

போவதானால் ஜனவரி கடைசியில் போங்கள். மழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுவடை நடக்கும். தாத்தா ஏன் கிளம்பினார் என்று உங்கள் பெரியப்பா மகனிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பையனின் கட்டுரைக்கு அது வேண்டும்.

அன்புடன்.