பூ அலங்காரத் தொழில்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

மேடை, மாலை, பொக்கே என்று பூத்தொழிலுக்குள் வர நினைப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மூன்று மாத டிசைன் கோர்ஸ் ஒன்றுக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். சேரலாமா? (திருப்பூர்)

இப்போதே சேர வேண்டாம். முதலில் உங்கள் ஊரில் கல்யாண ஆர்டர் எடுக்கும் ஒரு பூக்கடையில், சம்பளம் குறைவாக இருந்தாலும், ஒரு முகூர்த்த சீசன் முழுக்க வேலை பாருங்கள். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய் எந்தச் செவ்வந்தி நேற்றையது, எது இன்று பறித்தது என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும், அதை எந்த வகுப்பறையும் சொல்லித் தராது. நிறச் சேர்க்கை, சமநிலை, பார்வை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதெல்லாம் கோர்ஸில் நன்றாகவே கற்கலாம், ஆனால் பூவைப் பிடிக்கத் தெரிந்த கைக்குத்தான் அந்தப் பாடம் பலன் தரும். அதற்கு அப்புறமும் சேர ஆசை இருந்தால் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: பயிற்சிக்கு எத்தனை நாள் நிஜப் பூ தருவார்கள்? பிளாஸ்டிக் பூவில் சொல்லித் தருகிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு மாலை கட்ட வராது, பொக்கேயும் மேடையும் மட்டும் செய்தால் போதாதா? (கோவை)

போதும் என்று சொல்லலாம்தான், ஆனால் எனக்கு மனசு வரவில்லை. நம்மிடம் இருக்கும் உயர்ந்த பூக்கலையே தொடுப்பதில்தான் இருக்கிறது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் தோவாளையில் அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, மணி பதித்த மாதிரி தட்டையாக மாணிக்கமாலை கட்டுகிறார்கள். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013இலேயே கிடைத்துவிட்டது, அது பூவுக்கு. இது கைவேலைக்கு. ஒரு தடவை தோவாளை மார்க்கெட்டுக்குப் போய் அங்கே கட்டுபவர்களின் விரலைக் கவனித்துப் பாருங்கள். வாழைநாரில் சம்பங்கி தொடுக்கவாவது பழகிக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று காலையில் மாலை அறுந்துபோனால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ராத்திரி வைத்த ரோஜா காலை முகூர்த்தத்துக்குள் தலை தொங்கிவிடுகிறது. என்ன செய்வது? (சேலம், ஈரோடு, திருச்சி)

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருந்தீர்கள். ஓசூரிலிருந்து கட்டாக வரும் ரோஜா தண்ணீர் இல்லாமல் பல மணி நேரம் பயணம் செய்து வருகிறது, அதற்குள் தண்டின் வெட்டுவாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அப்படியே எடுத்துக் குத்தினால் தண்ணீர் மேலே ஏறாமல் கழுத்து மடிந்துவிடும். வந்தவுடன் தண்டின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சாய்வாக வெட்டுங்கள், தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள், நிழலில் நாலைந்து மணி நேரம் வாளியில் நிற்கவிட்டு அப்புறம் மேடைக்கு எடுங்கள். ஏற்கெனவே தொங்கிய பூவானாலும் மறுபடி வெட்டி, பூவோடு சேர்த்து அரை மணி முக்கால் மணி தண்ணீரில் படுக்க வைத்தால் பல நேரம் நிமிர்ந்துவிடும். வாளி சுத்தமாக இருக்கட்டும். நேற்றைய தண்ணீரில் இன்றைய பூவை வைப்பது அந்தப் பூவைக் கொல்வதற்குச் சமம்.

எல்லாப் பூவுக்கும் இதே வைத்தியம் செய்யாதீர்கள். ஜெர்பரா தண்டு அழுகிவிடும், அதற்கு நாலு விரல் தண்ணீர் போதும். ஆர்க்கிட்டும் அந்தூரியமும் வெப்பநாட்டுப் பூக்கள், ரோஜாவோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்தால் கறுத்துப்போகும். கார்னேஷனைப் பழம் இருக்கும் அறையில் பூட்டி வைக்காதீர்கள், பழுக்கும் வாழையும் ஆப்பிளும் விடும் எத்திலீன் வாயு அதைச் சுருட்டிவிடும், சீர்வரிசைத் தட்டுகளைப் பூவோடு ஒரே அறையில் அடுக்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை. மல்லி மொட்டைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது, பழுப்பு விழும். ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ச்சியில் வைத்தால் மலர்வது தள்ளிப்போகும்.

மேடைக்கு எவ்வளவு கேட்பது? பக்கத்துக் கடைக்காரர் பாதி விலைக்குச் செய்கிறாரே? (மதுரை)

அவர் கணக்கு அவருக்கு. உங்கள் கணக்கை எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு, பூ 20,000 ரூபாய். வாடியது, ஒடிந்தது என்று 3,000 கழியும், அதையும் சேர்க்க வேண்டும், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ராத்திரி வேலைக்கு ஐந்து பேர், ஆளுக்கு 1,200 என்றால் 6,000. வண்டி 3,000, நார், நூல், வலை, கம்பி என்று 2,000. மொத்தம் 34,000 ஆகிறது. இதன் மேல் 30 சதவீதம் வைத்தால் 44,200. 34,000க்கு ஒப்புக்கொண்டால் ஒரு ராத்திரி கண்விழித்த உங்கள் உழைப்பு இலவசம், தேய்ந்துபோகும் ஃபிரேமுக்கும் காசு கிடையாது.

மல்லி விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள். கோடையில் மலிவாகக் கிடைக்கும் மல்லி மார்கழி, தைக் குளிரில் வரத்து குறைந்து கிலோ இரண்டாயிரம் மூவாயிரத்தைத் தாண்டிவிடும், அதே நேரத்தில் பொங்கலும் தை முகூர்த்தமும் சேர்ந்து வருகிறது. ஆகஸ்டில் வரும் வாடிக்கையாளரிடம் ஜனவரிக் கல்யாணத்துக்கு இன்றைய விலையைச் சொல்லவே கூடாது. “மல்லி விலை இந்த அளவைத் தாண்டினால் முல்லையோ சம்பங்கியோ கலப்போம்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் பாதியாவது வேண்டும், ஏனென்றால் மண்டியில் உங்களுக்குக் கடன் சொல்ல முடியாது.

பூத்தண்டைக் குத்தி நிறுத்தும் பச்சை ஸ்பாஞ்ச் இல்லாமல் முடியுமா? (புதுச்சேரி)

முடியும், பழகவும் வேண்டும். ஒயாசிஸ் என்று நாம் கூப்பிடும் அந்தக் கட்டி ஒரு வகை பிளாஸ்டிக், மக்காது, பொடிந்து தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி தன் மலர்க் கண்காட்சிகளில் 2021 முதல் அதைத் தடை செய்துவிட்டது. நம்மிடம் வாழைமரம் இருக்கிறதே! வாழைத்தண்டு ஈரம் வைத்துக்கொள்ளும், ஈர்க்குச்சியில் குத்திய பூ ஆடாமல் நிற்கும், வேலை முடிந்ததும் மாட்டுக்குப் போடலாம். ஜாடி, கூடைக்குள் கோழிவலையைச் சுருட்டி வையுங்கள். தவிர்க்கவே முடியாத இடத்தில் ஸ்பாஞ்ச் வைத்தால் அதைத் தண்ணீரில் அமுக்காதீர்கள், தானாக மூழ்கட்டும், அமுக்கினால் நடுவில் காய்ந்தே இருக்கும்.

செயற்கைப் பூ கலக்கலாமா? (வேலூர்)

எட்டாத உயரத்தில் கலக்கலாம், சொல்லிவிட்டுக் கலக்குங்கள். கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம்.

வெளிநாட்டுப் படத்தைக் காட்டி “அதே பியோனி மேடை வேண்டும்” என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது? (சென்னை)

பியோனி குளிர்நாட்டுப் பூ, நம் வெயிலில் வளராது. இறக்குமதி செய்தால் விலையைக் கேட்டதும் அவர்களே பின்வாங்குவார்கள். “முடியாது” என்று சொல்லாமல், அந்தப் படத்தில் அவர்களுக்கு எது பிடித்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த வெளிர் ரோஸ் நிறமும் அடுக்கடுக்கான இதழும்தான் பிடித்திருக்கும். தாமரையின் இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்தால் அந்த அடுக்கு வரும், பக்கத்தில் நன்கு விரிந்த பன்னீர் ரோஜாவை நெருக்கமாக வைத்தால் நிறமும் மணமும் சேர்ந்துகொள்ளும். பேசிக்கொண்டே இருக்காமல், கோயம்பேட்டில் பத்துத் தாமரையும் கொஞ்சம் ரோஜாவும் வாங்கி ஒரு தட்டளவுக்குச் செய்து நேரில் காட்டுங்கள், அதற்கான செலவை மாதிரிக் கட்டணமாக முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.