முதல் மலையேற்றமா? இறங்குவதற்கு வேண்டியதை முதலில் எடுத்து வையுங்கள்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் முதல்முறையாக மலையேறப் போகிறோம். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடுவதாகத் திட்டம். பர்வதமலை அல்லது ஏலகிரி என்று யோசிக்கிறோம். எல்லோரும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். நான் இருப்பது எட்டாவது மாடி, லிஃப்ட்டைத் தவிர வேறு பழக்கமில்லை. கடையில் பார்த்து வைத்த பொருள்களைக் கூட்டினால் 15,000 ரூபாய் வருகிறது. எதெல்லாம் அவசியம்? பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்:

15,000 ரூபாய் தேவையே இல்லை. ஒரு நாள் நடைக்கு வேண்டியதில் முக்கால்வாசி உங்கள் வீட்டிலேயே இருக்கும். முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் ஏறுவதைப் பற்றியேதான் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, ஆபத்து வருவது பெரும்பாலும் இறங்கும்போது. கால் தளர்ந்திருக்கும், தண்ணீர் தீர்ந்திருக்கும், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், "அதான் முடிந்துவிட்டதே" என்று கவனமும் போயிருக்கும். அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும், இறங்கும்போது இது உதவுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் அதே பர்வதமலையில்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். தென்மாதிமங்கலத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் நடக்க ஆரம்பித்தபோதே காலை பத்து மணி. மேலே கடப்பாறை அடித்துச் சங்கிலி கட்டியிருக்கும் பாறைகளைத் தாண்டி உச்சிக்குப் போனபோது மணி இரண்டரை. சாமி கும்பிட்டு, காற்று வாங்கி, படம் எடுத்துக்கொண்டு மூன்றரைக்குத்தான் திரும்பினோம். பாதி வழியில் நண்பனின் ஷூவின் அடிப்பாகம் அப்படியே கழன்று வந்துவிட்டது. பரணில் நான்கைந்து வருடம் கிடந்த ஷூ அது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கினான். ஐந்து மணிக்கே தண்ணீர் காலி. ஆறேகாலுக்கு மரங்களுக்கு அடியில் கும்மிருட்டு. மூன்று போன்களில் இரண்டு அணைந்துவிட்டன.

மேலே விளக்கு வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கிராமத்துக் குடும்பம் எங்களைப் பார்த்து நின்றது. கையில் ஒரு பெரிய டார்ச். அந்தக் குடும்பத்துப் பாட்டி செருப்பில்லாமல் முன்னால் போய், ஒவ்வொரு கல்லிலும் வெளிச்சத்தை வைத்து, "இங்க கால வை சாமி, அடுத்தது ஆடும், அதுல வைக்காத" என்று சொல்லிச் சொல்லி இறக்கிவிட்டார். அடிவாரம் வந்தபோது மணி ஒன்பது. அவர்கள் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அன்றைக்குத் தவறிப்போனது மூன்று விஷயம்: ஷூ, தண்ணீர், நேரம். அதே வரிசையில் சொல்கிறேன்.

ஷூ. ஏலகிரி மாதிரி இடத்துக்கு, அடியில் நல்ல பிடிப்புள்ள ஓட்டப்பயிற்சி ஷூவே போதும். பர்வதமலை, வெள்ளியங்கிரி மாதிரி பாறைகளுக்கு, அடிப்பாகத்தில் ஆழமான வெட்டுகள் உள்ள மலையேற்ற ஷூ நல்லது. செலவு செய்வதானால் இதற்குச் செய்யுங்கள். கணுக்கால் வரை ஏறும் உயரமான பூட்ஸ் முதல் நடைக்குக் கட்டாயமில்லை. பல வருடம் சும்மா கிடந்த ஷூவைத் தொடவே வேண்டாம். பாலியூரிதீன் என்ற நுரை போன்ற பிளாஸ்டிக்கில் செய்த அடிப்பாகம் காற்றின் ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும், பசையும் விட்டுவிடும். பார்க்கப் புதிது போலவே இருக்கும், நடக்கத் தொடங்கிய பிறகுதான் உதிரும். புதிதாக வாங்கினால் மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பாருங்கள். விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் வேண்டும். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி நகங்கள் இடிபடும்; நகம் கறுத்துப் போவது இதனால்தான். போவதற்கு இரண்டு நாள் முன்பே கால் நகங்களை வெட்டிவிடுங்கள். இரண்டு வாரமாவது அந்த ஷூவோடு தெருவில் நடந்து பழக்குங்கள்.

பக்தர்கள் வெறுங்காலோடு ஏறுவதைப் பார்த்து நாமும் முயல வேண்டாம். அந்தப் பாட்டியின் பாதம் அறுபது வருடம் மண்ணில் நடந்து உரமேறிய பாதம்.

ஷூவோடு சேர்த்து ஒரு கைத்தடி. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடி கிடைக்கும். ஏறுவதற்கென்றுதான் எல்லோரும் வாங்குகிறார்கள். அது முட்டியைக் காப்பாற்றுவதோ இறக்கத்தில்தான். சங்கிலி பிடித்து ஏறும் இடங்களில் மட்டும் கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும், தடியைப் பையில் செருகிவிடுங்கள்.

தண்ணீர். நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் வெயிலில் அதுவும் பற்றாது. ஆளுக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோ சுமைதான், ஆனாலும் குறைக்க வேண்டாம். கடைசி ஒரு லிட்டரைத் தனி பாட்டிலில் வைத்து, திரும்பி இறங்கத் தொடங்கும் வரை மூடியைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். வியர்வையில் உப்பும் சேர்ந்தே போவதால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. உடம்பில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரை போகலாம். இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். சாப்பாட்டுக்குப் புளிசாதம், கடலைமிட்டாய், பேரீச்சை. பசிக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

வெயிலில் யாராவது சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால், நடை தள்ளாடினால், அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே நிழலில் படுக்க வைத்து, துணியை நனைத்துப் போட்டு, விசிறி, உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டிய நிலை அது.

நேரம். இதற்குக் காசே இல்லை, ஆனால் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் இரண்டே முக்கால் மணி. இது நல்ல பழக்கமுள்ளவர்கள் நிற்காமல் நடக்கும் நேரம். உங்களைப் போல் புதிதாக வருபவர்களுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது நான்கு மணி நேரம் என்று கொள்ளுங்கள். இறங்க மூன்று மணி. தமிழ்நாட்டில் டிசம்பரில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கு முன்பே மங்கிவிடும். ஐந்து மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டுமானால் இரண்டு மணிக்குத் திரும்பியாக வேண்டும். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான். இதை அடிவாரத்திலேயே நான்கு பேரும் வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

இவ்வளவு கணக்குப் போட்டும் தாமதமாகலாம். அதனால் தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று. குழுவுக்கு ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள், முன்னால் போகிறவரின் வெளிச்சம் பின்னால் வருபவரின் காலுக்கு எட்டாது. போனின் டார்ச்சை நம்ப வேண்டாம். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி போய்விடும், அதனால் ஏறும்போதே போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்திருந்தால் ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. மெல்லிய முழுக்கைச் சட்டை, தொப்பி, மழைக்கோட்டு, கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ். பையில் கிரேப் பேண்டேஜ், பஞ்சு, பிளாஸ்டர், உங்கள் வழக்கமான மாத்திரைகள். ஒரு விசில், மூன்று முறை விட்டுவிட்டு ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். மழைக்காலத்தில் அட்டை கடித்தால் பிடித்து இழுக்காமல் நகத்தால் நெம்பிவிடுங்கள், ரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட வேண்டாம். வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு வர வேண்டாம், மலைத்தேனீ அதற்குச் சீறும். தேனீ விரட்டினால் முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே விலகி ஓடுங்கள், கையை வீசி அடிக்காதீர்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி.

தண்ணீரும் நெருப்பும் அனுபவசாலிகளையே கொன்றிருக்கின்றன. சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்தார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இருக்காது, மேலே பெய்த மழை ஓடையில் வந்து சேரும். தண்ணீர் கலங்கத் தொடங்கினாலே கரையேறிவிடுங்கள். முழங்கால் அளவு வேகமாக ஓடினால் கடக்காதீர்கள், வடியும் வரை காத்திருங்கள்.

குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களில் பலரும் முந்தைய நாள் ஏறி, அன்று இறங்கிக்கொண்டிருந்தவர்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் புல்வெளி மலைகளை விட்டுவிடுங்கள். எங்கேயாவது புகை தெரிந்தால் மேல்நோக்கி ஓடாதீர்கள், தீ மேட்டில் நம்மைவிட வேகமாக ஏறும். வெறும் பாறை, புல்லில்லாத வெட்டவெளி, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம் ஆகியவைதான் ஓரளவு பாதுகாப்பு.

அந்தத் துயரத்துக்குப் பிறகு அதே ஆண்டு மலையேற்றத்துக்கென அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம், உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எந்த ஓடை பெருகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அனுமதியில்லாத பாதையில் போனால் நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒருவரிடம் மலையின் பெயர், பாதை, இறங்கும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இரவு எட்டு மணி வரை தகவல் இல்லையென்றால் 112ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

பர்வதமலையா ஏலகிரியா என்றால், முதலில் ஏலகிரி. மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறிப் பாருங்கள், காலையிலேயே முடிந்துவிடும். நான்கு பேரில் யாருக்கு முட்டி வலிக்கிறது, யார் தண்ணீர் குடிக்க மறக்கிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பர்வதமலையை அடுத்த முறைக்கு வையுங்கள்.

அப்புறம், அந்த எட்டாவது மாடி. மூன்று வாரம் இருக்கிறதென்றால் தினமும் மாலையில் ஷூ போட்டு, பையில் மூன்று லிட்டர் தண்ணீர் வைத்து, லிஃப்ட்டில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள். முதல் வாரம் இரண்டு முறை, அடுத்த வாரம் நான்கு, பிறகு ஆறு. முதல் இரண்டு நாள் தொடை நன்றாக வலிக்கும். மூன்றாவது வாரத்தில் அந்த வலி இருக்காது.