ஏ.பி. அரசியல் பாடத்துக்குப் பயிற்சி மையம் தேவையா?

டாலஸ் புறநகரில் வசிக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: “என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் ‘ஏ.பி. அமெரிக்க அரசும் அரசியலும்’ பாடத்தை எடுக்க விரும்புகிறாள். நாங்கள் இந்தியாவில் படித்தவர்கள்; வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. ஒரு பயிற்சி மையம் பெருந்தொகை கேட்டு, 5 மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தருகிறது. சேர்க்கலாமா? கல்லூரியில் மறுபடியும் இதையே படிக்கும் தேவை இல்லாமல் போகுமா?”

ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம் படிக்க வழிசெய்யும் திட்டம்; அதை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பின் தேர்வில் 1 முதல் 5 வரை மதிப்பெண் தரப்படும். நல்ல மதிப்பெண்ணுக்குக் கல்லூரிகள் கிரெடிட் தரும், அதாவது அந்தப் பாடத்தைப் படித்து முடித்ததாகக் கணக்கில் கொள்ளும். அம்மா, மகள் தாராளமாக இந்தப் பாடத்தை எடுக்கட்டும். அந்த மையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். டெக்சஸில் பள்ளிப் படிப்பை முடிக்க அரசியல் பாடம் எப்படியும் கட்டாயம் என்பதால், அதையே ஏ.பி. நிலையில் படிப்பது கூடுதல் சுமையும் அல்ல.

இந்தத் தேர்வு ஆண்டுகளையும் அதிபர்களின் பெயர்களையும் ஒப்பிக்கச் சொல்வதில்லை. 80 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள், 100 நிமிடத்தில் 4 எழுத்து வினாக்கள். இரண்டுக்கும் சரிபாதி மதிப்பு. ஊன்றிப் படிக்க வேண்டியவை அரசமைப்புச் சட்டம், அதை ஆதரித்து எழுதப்பட்ட ‘ஃபெடரலிஸ்ட் 10’, எதிர்த்து எழுதப்பட்ட ‘புரூட்டஸ் 1’ ஆகிய கட்டுரைகள், மார்ட்டின் லூதர் கிங்கின் பர்மிங்ஹாம் சிறைக் கடிதம் உள்ளிட்ட 9 ஆவணங்களும், 1803-ஆம் ஆண்டின் மார்பரி எதிர் மேடிசன் போன்ற சில உச்ச நீதிமன்ற வழக்குகளுமே. மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது எழுத்து வினாக்களில் ஒன்றான கட்டுரையில்தான்: தன் நிலைப்பாட்டைச் சொல்லி, ஆவணத்திலிருந்து சான்று காட்டி, எதிர்த்தரப்பு வாதத்துக்கும் பதில் தர வேண்டும். மத்திய அரசுக்கு எவ்வளவு அதிகாரம், மாநிலத்துக்கு எவ்வளவு என்று சாப்பாட்டு மேசையில் வாதாடும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்தப் பாடத்தின் மையக் கேள்வி அந்நியமானதே அல்ல. மகளோடு வாதாடுங்கள், நீங்கள் தரக்கூடிய சிறந்த பயிற்சி அதுவே.

‘உத்தரவாதம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. எழுத்து விடைகளை ஜூன் மாதத்தில் திருத்துபவர்கள் கல்லூரிப் பேராசிரியர்களும் ஏ.பி. ஆசிரியர்களும், எந்த மையத்துக்கும் அவர்கள் மீது செல்வாக்கு கிடையாது. காலேஜ் போர்டு முந்தைய ஆண்டுகளின் எழுத்து வினாக்களையும், அவற்றுக்கு மதிப்பெண் இடும் முறையையும், மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளையும் இலவசமாகவே வெளியிடுகிறது. கான் அகாடமி என்ற கல்வி இணையதளத்தில் இதற்கான முழுப் பாடமும் இலவசம். வகுப்பு ஆசிரியர் தரும் குறியீட்டைக் கொண்டு ‘ஏ.பி. கிளாஸ்ரூம்’ தளத்திலும் மகள் பயிற்சி செய்யலாம். இவற்றையே அச்சடித்துக் கோப்பில் போட்டு விற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இணையத்தில் ‘ஏ.பி.’ என்ற பெயரில் பாடம் விற்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை: காலேஜ் போர்டின் தணிக்கையில் தேறிய பாடத்துக்கு மட்டுமே அந்தப் பெயரை டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளி மதிப்பெண் பட்டியலில்) இடும் உரிமை உண்டு. தேறிய பாடங்களின் பட்டியல் பொதுவெளியில் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அதைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு ‘பாதி முடியும்’ என்பதே பதில்; இதைப் பயிற்சி மையங்கள் சொல்வதே இல்லை. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெறுபவர், பொறியியல் படித்தாலும், அரசியல் பாடத்தில் 6 கிரெடிட் மணி (கல்லூரிப் பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) முடித்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதில் அமெரிக்க அரசமைப்போடு டெக்சஸ் அரசமைப்பும் அடங்கும். ஏ.பி. பாடத்தில் டெக்சஸ் அரசமைப்பு இல்லை. ஆகவே மகள் 5 வாங்கினாலும், பொதுவாக 3 மணிக்கான கூட்டாட்சி அரசுப் பகுதி மட்டுமே கழியும். டெக்சஸ் பகுதி மிஞ்சும். அதைக் கோடை விடுமுறையில் சமுதாயக் கல்லூரியில் குறைந்த செலவில் முடிக்கலாம், ஆனால் சேரப்போகும் பல்கலைக்கழகம் அதை எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத் தொகுப்பிலும் இதே சிக்கல்தான்: ஏ.பி. மதிப்பெண் அம்மாநில அரசு பற்றிய பகுதியை நிறைவு செய்யாது. தனியார் பல்கலைக்கழகங்களை இந்த மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது.

3 மதிப்பெண் போதுமா? டெக்சஸ் அரசுக் கல்லூரிகள் 3-க்கே கிரெடிட் தர வேண்டும் என்று 2015-இல் சட்டம் வந்தது. ஆனால் கூடுதல் மதிப்பெண் அவசியம் என்று ஒரு கல்லூரி சான்றுகளோடு தீர்மானித்தால் அதற்கும் அனுமதி தரப்பட்டுள்ளது. மாநில எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு விதி. பதினேழு வயதுப் பிள்ளை ஒரே தேர்வை எழுதிவிட்டு, அதன் மதிப்பை அறிய ஒவ்வொரு கல்லூரியின் அட்டவணையாகப் புரட்ட வேண்டியிருப்பது எந்த வகையில் நியாயம்? பள்ளிக் கவுன்சிலரிடம் கேட்கலாம் என்றால், நூற்றுக்கணக்கான மாணவர்களை ஒருவராகக் கவனிக்கும் அவரிடம் பத்து நிமிடம் கிடைப்பதே அரிது. மகள் விண்ணப்பிக்க எண்ணும் கல்லூரிகளின் ஏ.பி. கிரெடிட் அட்டவணைகளை நீங்களே இப்போது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் சேர்ந்தாலே மே மாதத் தேர்வுக்குப் பெயர் பதிவாகிவிடும் என்று நம்பி ஏமாந்த பெற்றோர் பலர். தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். நவம்பர் நடுப்பகுதியோடு காலேஜ் போர்டின் வழக்கமான காலக்கெடு முடிகிறது, பல பள்ளிகள் அதற்கும் முன்பே பதிவை மூடிவிடுகின்றன, தாமதித்தால் அபராதக் கட்டணம் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஏ.பி. ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி, பதிவின் கடைசி நாளை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.