குரோஷியக் குடும்பப் பெயர்கள்: எழுத்தும் ஒலியும் (கேள்வி பதில்)

கேள்வி: கல்லறையில் பெயர் ஐ, சி, எச் என்று முடிகிறது. குரோஷியப் பதிவில் எச் இல்லை. வேறு குடும்பமா?

பதில்: ஒரே குடும்பமாக இருக்கலாம். இன்றைய குரோஷிய எழுத்தில் அந்தச் சி-யின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். 'இச்' என்று ஒலிக்கும். அமெரிக்கா போனதும் கோடு மறைந்துவிடும், அங்கே 'இக்' என்று வாசிப்பார்கள். ஒலியைக் காப்பாற்றப் பலர் எச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் குரோஷியாவின் கடலோரப் பகுதியான டல்மேஷியக் கரையில் எச் பழைய வழக்கம். 1797 வரை வெனிஸ் ஆண்ட பகுதி அது. இத்தாலிய முறையில்தான் எழுதினார்கள். எனவே எச்-சைப் பார்த்ததும் 'அமெரிக்காவில் மாற்றிய பெயர்' என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: கோவாச்செவிச் என்ற பெயரை எப்படியெல்லாம் தேடுவது?

பதில்: லியுதெவித் காய் என்ற குரோஷிய மொழியறிஞர் 1830இல் முன்வைத்த எழுத்துமுறை பரவும்வரை ஒரே பெயரை ஊருக்கு ஊர் வேறாக எழுதினார்கள். நடுவில் வரும் 'ச்' ஒலியைப் பாருங்கள்: ஹங்கேரிய முறையில் சி, எஸ்; ஜெர்மானிய முறையில் டி, எஸ், சி, எச்; கடற்கரையில் பெரும்பாலும் வெறும் சி. கடற்கரையில் முதல் எழுத்தே கே-க்குப் பதில் சி ஆகிவிடும். ஜெர்மானியக் கைக்கு வி-யும் டபிள்யூ ஆகும். அதனால் மூன்று முறை தேடுங்கள்: கே, ஓ, வி, ஏ போட்டு, மீதி எழுத்துகள் எதுவாயினும் காட்டும் நட்சத்திரக் குறி, பிறகு முதலெழுத்தைச் சி ஆக்கி, பிறகு கே-யை வைத்து வி-யை டபிள்யூ ஆக்கி. முழுப் பெயரைத் தட்டினால் பாதிப் பதிவுகள் கண்ணில் படாது.

கேள்வி: உச்சரிப்புக்குத் தமிழ் உதவுமா?

பதில்: நன்றாகவே உதவும். என், ஜே சேர்ந்தால் நம் 'ஞ'தான்: ஞெகோவன். எல், ஜே சேர்ந்தால் 'ல்ய': ல்யூபிச். தனி ஜே என்றால் 'ய'. குறியில்லாத சி 'த்ஸ'. அதைக் 'க' என்று வாசிப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. கொக்கி போட்ட சி, சாய்கோடு போட்ட சி இரண்டுக்கும் 'பச்சை'யின் ச்ச அருகில் வரும்; கொக்கி சற்று வல்லோசை. தலைநகர் சாக்ரெப் பேச்சிலேயே இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. காதால் கேட்டு எழுதிய பதிவில் ஒன்றுக்கு மற்றொன்று இருந்தால் ஒதுக்காதீர்கள்.

கேள்வி: யூரிச், ஜூரிச் ஒன்றா?

பதில்: இல்லை. முன்னது யுராய் என்ற பெயரிலிருந்தும், பின்னது ஜூரோ என்பதிலிருந்தும் வந்தவை. இரண்டும் ஜார்ஜ்தான் என்றாலும் குடும்பப் பெயர்கள் வேறு. பின்னதன் முதலெழுத்து குறுக்குக்கோடு போட்ட டி; பழைய ஏடுகளில் டி, ஜே அல்லது ஜி, ஜே. புலம்பெயர்ந்த நாட்டில் இரண்டுமே வெறும் ஜே ஆகியிருக்கலாம். லத்தீன் ஞானஸ்நானப் பதிவில் 'கெயோர்கியுஸ்' என்றிருந்தால் எந்த வடிவம் என்று தெரியாது. ஊரையும் பெற்றோரையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

கேள்வி: அகரவரிசைப் பட்டியலில் பெயரே இல்லையே?

பதில்: குரோஷிய அகரவரிசையில் கொக்கி, கோடு போட்டவை தனி எழுத்துகள். வெறும் சி முழுவதும் முடிந்த பிறகே கொக்கிச் சி தொடங்கும். எல்-ஜே, என்-ஜே இரண்டுக்கும்கூட எல், என் வரிசைகளுக்குப் பின்னால் தனி இடம்.