மூங்கில் டி-ஷர்ட்டில் மூங்கில் எவ்வளவு?

கேள்வி: ஆன்லைனில் மூங்கில் துணி டி-ஷர்ட் ஒன்று பார்த்தேன். 'முழுக்க இயற்கை, சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று போட்டு 1,299 ரூபாய் விலை சொல்கிறார்கள். சாதாரணப் பருத்தி 400 ரூபாய்க்கே கிடைக்கிறதே, கூடுதல் பணம் தகுமா?

பதில்: மெத்தென்று இருக்கிறது, வெயிலுக்குச் சுகமாக இருக்கிறது என்று வாங்கினால் தாராளமாக வாங்குங்கள். 'இயற்கை' என்பதற்காக என்றால் வேண்டாம். பக்கத் தையலில் தொங்கும் சின்ன லேபிளைப் படியுங்கள், பெரும்பாலும் விஸ்கோஸ் அல்லது ரேயான் என்றுதான் இருக்கும். மூங்கில் கூழை காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்ஃபைடு சேர்த்துக் கரைத்து, நுண்துளைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி எடுக்கும் இழை அது. மரக்கூழைப் போட்டாலும் இதேதான் வரும். மூங்கில் வேகமாக வளரும், பூச்சிமருந்து அவ்வளவாகத் தேவைப்படாது என்பதெல்லாம் சரி, ஆனால் அது தோப்பில் நடக்கிற கதை; ஆலைக்குள் அந்த கார்பன் டைசல்ஃபைடு ஆவியைச் சுவாசிக்கிறவர்களுக்கு நரம்பு பாதிக்கும். 2022-இல் அமெரிக்காவில் ரேயானை மூங்கில் துணி என்று சொல்லி விற்ற வழக்கில் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய கடை நிறுவனங்களும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன.

அப்போ ஆர்கானிக் பருத்தி எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எடுக்கலாம், ஆனால் பஞ்சை மட்டும் பார்த்தால் போதாது. நம் ஊரில் பெரிய சேதம் சாயத்தில்தான் நடந்தது. திருப்பூர் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணை வரை போய்த் தேங்கியதும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற உத்தரவைப் பின்பற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஆர்கானிக் பஞ்சுதான், சரி, அதை எந்தச் சாயத்தில் முக்கினீர்கள் என்று கடையில் யாரும் கேட்பதில்லை! ஜிஓடிஎஸ் (GOTS, ஆர்கானிக் துணிகளுக்கான உலகளாவிய தரச்சான்று) முத்திரை இருந்தால் அதில் சாய ரசாயனமும் கழிவுநீர் சுத்திகரிப்பும் சேர்ந்தே வரும். முத்திரைக்குப் பக்கத்தில் சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும், அந்த எண்ணை ஜிஓடிஎஸ் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். எண் இல்லாத முத்திரை வெறும் படம்.

1,299 ரூபாய்க்காரரிடம் 'உகந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று ஒரு மெசேஜ் போடுங்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு விதிகளின்படி இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஆதாரம் காட்டியாக வேண்டும். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.

கேள்வி: முயல் படம் போட்ட லிப்ஸ்டிக் 300 ரூபாய் அதிகம். மிருகவதை இல்லையாமே?

பதில்: அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மேல் சோதிப்பதற்கு இந்தியாவில் 2014-லேயே தடை வந்துவிட்டது, அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டு தடை போட்டார்கள். ஆக, இங்கே தயாரித்ததன் மேல் 'மிருகவதை இல்லை' என்று எழுதுவது, சிக்னலில் வண்டியை நிறுத்தினேன் என்று பெருமை பேசுவது மாதிரிதான். அதற்குத் தனியாக 300 ரூபாய் தர வேண்டியதில்லை. முயலை யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம். விலங்குச் சோதனை இல்லை என்பதற்குத் தரும் லீப்பிங் பன்னி (Leaping Bunny) சான்று என்றால் மூலப்பொருள் தருகிறவர்கள் வரை விசாரிப்பார்கள், அதற்கு மதிப்பு உண்டு.

அப்புறம், முயல் இருந்தால் வீகன், அதாவது விலங்கிலிருந்து வந்த எதுவும் சேராதது, என்று அர்த்தமில்லை. தேன்மெழுகோ ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலினோ தாராளமாக இருக்கலாம். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் சி.ஐ. 75470 என்று இருந்தால் அது கார்மைன், கள்ளிச் செடியில் வளரும் பூச்சியைக் காயவைத்துப் பொடித்து எடுக்கும் சிவப்பு. அது வேண்டாம் என்றால் அந்த எண் இல்லாத ஷேடாகப் பார்த்து எடுங்கள்.