மூளை அறுவையில் கருவியின் நுனி இருக்குமிடத்தைக் கணினி எப்படி அறிகிறது?

மண்டையோட்டுக்குள் சென்றுவிட்ட கருவியின் நுனி திரையில் எப்படித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா நுனியைப் பார்ப்பதே இல்லை. வெளியே நிற்கும் கைப்பிடியில் பொருத்தப்பட்ட, கோலிக்குண்டைவிடச் சற்றே சிறிய பந்துகளைத்தான் பார்க்கிறது. அகச்சிவப்பு ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் அப்பந்துகளில் குறைந்தது 3 பந்துகளை இரு கேமராக்கள் வெவ்வேறு கோணங்களிலிருந்து கண்டுவிட்டால், கருவியின் இடமும் சாய்வும் கிடைத்துவிடும். நுனி அங்கிருந்து எவ்வளவு தொலைவு என்பது முன்பே அளக்கப்பட்டிருக்கும். ஒரு பந்தின்மேல் இரத்தத்துளி பட்டாலோ, உதவியாளரின் கை குறுக்கே வந்தாலோ கணக்குத் தடுமாறும்.

தலையை இறுகப் பிடித்திருக்கும் சட்டத்திலும் இத்தகைய பந்துகள் உண்டு. ஆகவே கருவியின் இடம் தலையை வைத்தே கணக்கிடப்படுகிறது; கேமரா நகர்ந்தாலும் பிழை வராது. மூக்கின் மேற்பகுதி, கண்ணோரம், நெற்றி எனப் பல புள்ளிகளைத் தொட்டுக்காட்டி, நோயாளியின் தலையை எம்.ஆர்.ஐ. படத்தோடு பொருத்துகிறார்கள். இந்தப் பொருத்தம் பிசகினால் பின்வரும் அனைத்தும் பிசகும் என்பதால், இதில் அவசரம் கூடவே கூடாது.

வளையும் குழாய்களுக்குக் கைப்பிடியைப் பார்த்துப் பயனில்லை. அவற்றின் நுனியிலேயே நுண்ணிய கம்பிச்சுருள் வைத்து, மின்காந்தப் புலத்தின் மூலம் இடமறிகிறார்கள்.

உண்மையான சிக்கல் கருவியில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளையுறையைத் திறந்து, மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளைத்தண்டுவடத் திரவம் வடிந்ததும் மூளை சில மில்லிமீட்டர், சிலரிடம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் தாழ்ந்துவிடும். திரையிலுள்ளதோ அறுவைக்கு முன் எடுத்த படம். அதனால்தான் இடையிடையே அல்ட்ராசவுண்ட் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.